ஹாமில்டன் நாகியை எந்தக் கட்டத்தில் போடுவது?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் மைதானத் தரையைச் சமன் செய்ய உருளை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பையன். பெயர் ஹாமில்டன் நாகி. 1926ல் டிரான்ஸ்கெய் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பதினாலு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. வேலை தேடிக் கேப் டவுன் வந்தார், 1940 வாக்கில் பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலை கிடைத்தது. புல் வெட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்று, மைதானத்தைப் பார்த்துக்கொள். பதினாலு வருஷம் இப்படியே போனது.

1954ல் ராபர்ட் கோட்ஸ் என்ற ஆராய்ச்சியாளருக்கு ஒத்தாசைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அவருடைய ஆராய்ச்சியே வேடிக்கையானது. ஒட்டகச்சிவிங்கிக்கு அவ்வளவு நீளக் கழுத்து. தண்ணீர் குடிக்கக் குனியும்போது ரத்தம் மொத்தமும் தலைக்குப் பாய வேண்டுமே, ஏன் அது மயங்கி விழுவதில்லை? இதைக் கண்டுபிடிக்க ஒட்டகச்சிவிங்கிக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது அதைப் பிடித்துக்கொள்ள உடம்பில் தெம்புள்ள ஒருவர் வேண்டும். தோட்டத்திலிருந்து நாகியைக் கூப்பிட்டார்கள்.

அதோடு அவர் தோட்டத்துக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. கூண்டு கழுவுவதில் ஆரம்பித்து, மிருகங்களுக்கு மயக்க மருந்து கொடுக்கக் கற்றுக்கொண்டார். பிறகு தையல் போட, பிறகு ரத்தக் குழாய்களை இணைக்க. கடைசியில் நாய், பன்றி ஆகியவற்றில் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சையே செய்யும் அளவுக்கு வந்துவிட்டார். மருத்துவம் படித்துவிட்டு வந்த இளம் டாக்டர்களுக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் கை வேலை சொல்லிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்த கிறிஸ்டியன் பர்னார்டும் அந்த ஆய்வுக்கூடத்தில் அவரோடு வேலை பார்த்தவர்தான். கைத்திறமையில் நாகி தன்னை விடக் கெட்டிக்காரர் என்ற அர்த்தத்தில் பர்னார்டு பிற்காலத்தில் சொன்னதாகப் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது.

ஆனால் அது நிறவெறிச் சட்டங்களின் காலம். கறுப்பினத்தவர், கையில் பட்டமும் கிடையாது. அதிகாரபூர்வமாக அவரைச் சர்ஜன் என்று எழுதுவதற்கு எந்தப் பேரேட்டிலும் இடம் இல்லை. 1991ல் ஓய்வு பெற்றபோது தோட்டக்காரருக்கான ஓய்வூதியம்தான் அவருக்குக் கிடைத்தது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வரலாம். இந்த மனிதரை ஒரு தகவல் தளத்தில் ஏற்ற வேண்டும். பெயர், பிறந்த தேதி, ஊர், எல்லாம் சுலபம். அடுத்த கட்டம்: தொழில். என்ன எழுதுவது?

இந்தக் கேள்வி விளையாட்டுக் கேள்வி இல்லை. விக்கிப்பீடியாவின் பங்காளியான விக்கித்தரவு 2012 அக்டோபரில் ஆரம்பமானது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் எடுத்து எதற்கும் பயன்படுத்தலாம். அதில் இன்று 10 கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள் இருக்கின்றன, அதில் ஒரு கோடிக்கும் மேல் மனிதர்கள். அதற்கு முன்பு ஃப்ரீபேஸ் என்று ஒன்று இருந்தது. 2007ல் வெளிவந்தது, 2010ல் கூகுள் அதை விலைக்கு வாங்கியது, 2016ல் இழுத்து மூடியது. மூடுவதற்கு முன் அதன் தகவல்களில் ஒரு பகுதி விக்கித்தரவுக்கு வந்து சேர்ந்தது. இவற்றிலெல்லாம் கட்டுரை கிடையாது. கட்டங்கள்தான். ஒருவருடைய வாழ்க்கையை "இவர் - தொழில் - கணித அறிஞர்" மாதிரி மூன்று மூன்று துண்டுகளாக நறுக்கிப் போட வேண்டும். மனிதர்கள் படிப்பதற்கு முன்னால் இயந்திரங்கள் படிப்பதற்காகச் செய்தது அது. தேடுபொறியில் ஒரு பெயரைத் தட்டினால் வலது பக்கம் ஒரு பெட்டியில் "இன்னார், இன்ன தொழில்" என்று வருகிறதே, அந்த மாதிரிப் பெட்டிகளுக்குப் பின்னால் இருப்பது இத்தகைய துண்டுகள்தான்.

திறமையை எழுத அங்கே என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். தொழில் உண்டு, பணிபுரியும் துறை உண்டு, தெரிந்த மொழிகள் உண்டு, வாசிக்கும் இசைக்கருவி உண்டு, பாடகரின் குரல் வகை உண்டு. கிரிக்கெட் வீரர் என்றால் பந்து வீசும் பாணிக்கே தனிக் கட்டம். எந்தக் கைப் பழக்கம் என்பதற்கு ஒரு கட்டம், விளையாடும்போது எந்தக் கை என்பதற்கு வேறொரு கட்டம். ஒரே கட்டம் போதாதா என்று கேட்பவர்கள் டெண்டுல்கரை நினைத்துப் பார்க்கவும். மட்டை பிடிப்பது வலது கை ஆட்டம், ஆட்டோகிராப் போடுவது இடது கை. கங்குலி இடது கை ஆட்டக்காரர், பந்து வீசுவதோ வலது கையால். எந்தக் கை என்ற ஒரே விஷயத்துக்கே இத்தனை தகராறு!

இதிலெல்லாம் ஒரு ஓட்டை இருக்கிறது. "என்ன தெரியும்" என்று எழுதலாம். "எவ்வளவு தெரியும்" என்று எழுத முடியாது. வயலின் வாசிப்பார் என்ற கட்டத்தில் மேதையும் ஒன்றுதான், மூன்று மாதம் வகுப்புக்குப் போய்விட்டு நிறுத்தியவரும் ஒன்றுதான். (பின்னவருக்குத் தனிப் பக்கம் இருக்காது, அது வேறு விஷயம்.) தமிழ் தெரியும் என்ற கட்டமும் அப்படியே. தமிழில் காவியம் பாடிய வீரமாமுனிவரையும், தமிழில் இரண்டு வார்த்தை பேசிக் கைத்தட்டல் வாங்கும் சினிமா நட்சத்திரத்தையும் அது பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கும்.

அளவு சொல்லும் கட்டம் அபூர்வம். சதுரங்கத்துக்கு இருக்கிறது. ஈலோ மதிப்பெண் என்ற எண், எந்தத் தேதியில் எவ்வளவு என்பதோடு. விஸ்வநாதன் ஆனந்த் 2011ல் தொட்ட உச்சம் 2817. இதில் யாரும் வாதம் செய்ய முடியாது. ஆனந்த் பெரிய ஆளா இல்லையா என்று டீக்கடையில் பேச வேண்டியதே இல்லை, எண் பேசும்.

ஆனால் அந்த எண் வருவதற்கு முன்னால் ஆடியவர்கள்? மீர் சுல்தான் கான் என்று ஒருவர். பஞ்சாபில் ஒரு பெரும் நிலக்கிழாரிடம் பணியாளாக இருந்தவர். எஜமானோடு லண்டன் போன இடத்தில், 1929ல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை ஜெயித்துவிட்டார். பிறகு 1932லும் 1933லும் மறுபடி. நடுவில் உலக சாம்பியனாக இருந்த காபபிளாங்காவையே ஓர் ஆட்டத்தில் தோற்கடித்தார். எஜமான் ஊர் திரும்பினார், இவரும் திரும்பினார், ஆட்டம் அத்தோடு முடிந்தது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஈலோ முறையை எடுத்துக்கொண்டது 1970ல். சுல்தான் கான் இறந்தது 1966ல். அவர் காலத்து எண் என்று எதுவும் அவருக்குக் கிடையாது. கிராண்ட்மாஸ்டர் பட்டமும் உயிரோடு இருந்தவரை இல்லை. கௌரவ கிராண்ட்மாஸ்டர் என்று அறிவித்தார்கள், எப்போது தெரியுமா? 2024ல். அதாவது 2023 வரை ஒரு தகவல் தளத்தில் "கிராண்ட்மாஸ்டர்கள் அனைவரையும் கொடு" என்று கேட்டால் அவர் வரமாட்டார், 2024க்குப் பிறகு கேட்டால் வரலாம். இறந்து 58 வருஷம் கழித்து அந்த மனிதர் ஒரு காயைக்கூட நகர்த்தவில்லை.

இந்த மாதிரித் தளங்களைக் கட்டியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறார்கள். கட்டம் காலியாக இருந்தால் "இல்லை" என்று அர்த்தம் கிடையாது, "யாரும் இன்னும் எழுதவில்லை" என்றுதான் அர்த்தம். நிஜமாகவே இல்லை என்றால் அதை வேறு விதமாகக் குறிக்க வேண்டும், இருக்கிறது ஆனால் என்னவென்று தெரியவில்லை என்றால் அதற்கு இன்னொரு குறி. எழுதுபவர்கள் இந்த மூன்றையும் பிரித்து வைக்கிறார்கள். வாசிப்பவர்கள்தான் பிரிப்பதில்லை. வேலைக்கு ஆள் எடுப்பவர் விண்ணப்பத்தில் காலிக் கட்டத்தைப் பார்த்தால் "எழுதவில்லை போலிருக்கிறது" என்று நினைப்பாரா, "தெரியாது" என்று நினைப்பாரா?

காமர்ஸ் மாணவர்களுக்கு இந்த அவஸ்தை புதிதில்லை. இருப்புநிலைக் குறிப்பில் கட்டடம் இருக்கும், மேஜை நாற்காலி இருக்கும், விற்காமல் கிடக்கும் சரக்கு இருக்கும். முப்பது வருஷம் அனுபவம் உள்ள மேஸ்திரி இருக்கமாட்டார். கணக்கியல் தரநிலைகள் சொல்லும் காரணமும் நியாயமானதுதான். ஆளின் திறமை நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை, நாளைக்கே வேறு கம்பெனிக்குப் போய்விடலாம், ஆகவே அது சொத்து ஆகாது. 1960களில் அமெரிக்காவில் ஆர்.ஜி. பாரி என்ற காலணிக் கம்பெனி, ஊழியர்களையும் சொத்தாகக் காட்டிப் பார்த்தது. 1971ல் லெவ், ஷ்வார்ட்ஸ் இருவரும் ஒரு சூத்திரம் தந்தார்கள். இந்தியாவில் பெல் நிறுவனமும் இன்ஃபோசிஸும் தங்கள் ஆண்டறிக்கைகளில் அந்த வழியில் மனித வளத்துக்கு மதிப்புப் போட்டுக் காட்டியிருக்கின்றன. தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்யும்போது யாரும் நின்று யோசிப்பதில்லை, சூத்திரம் என்ன சொல்கிறது என்று. ஒருவர் ஓய்வு பெறும்வரை வாங்கப் போகும் சம்பளத்தையெல்லாம் கூட்டி, வட்டி விகிதத்தால் இன்றைய மதிப்புக்குக் கழித்துக் கொண்டுவர வேண்டும். அதுதான் அவர் மதிப்பு.

இதில் நாகியைப் போட்டுப் பார்க்கலாம். பக்கத்து மேஜையில் அதே அறுவை சிகிச்சையைக் கற்றுக்கொள்ளும் இளம் டாக்டருக்கு மாதம் 1000 என்றும் நாகிக்கு 200 என்றும் வைத்துக்கொள்ளுங்கள் (இது கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள்தான்). இருவருக்கும் ஒரே வயது, ஒரே வட்டி விகிதம் என்றால் சூத்திரம் என்ன சொல்லும்? கற்றுக் கொடுப்பவரின் மதிப்பு, கற்றுக்கொள்பவரின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு. கணக்கில் தப்பே இல்லை. திறமையை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு சம்பளத்தை அளந்தால் வேறென்ன வரும். சம்பளத்தில் இருந்த அநியாயம் அப்படியே தசமப் புள்ளியோடு அறிக்கைக்கு வந்துவிடும்.

சென்னைத் துறைமுகக் கழகத்திலும் இப்படி ஒரு பதிவு இருந்திருக்கும். 1912 மார்ச் மாதம், கணக்குப் பிரிவு, குமாஸ்தா, மாதச் சம்பளம் 30 ரூபாய். படிப்பு: எப்.ஏ., தேறவில்லை. ராமானுஜன்தான். அடுத்த வருஷம் ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலும் தன்னைக் கணக்குப் பிரிவு குமாஸ்தா என்றுதான் அவர் அறிமுகம் செய்துகொண்டார். 1918ல் எப்.ஆர்.எஸ். ஆனவர். 1912ல் திறந்த தகவல் தளம் ஒன்று இருந்து, ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்றக் கூடாது என்று விதியும் இருந்தால், "குமாஸ்தா" என்பதுதான் நிற்கும். "கணித மேதை" என்று அவருடைய நண்பர் யாராவது சேர்த்திருந்தால், ஆதாரம் எங்கே என்று கேட்டு யாராவது நீக்கியிருப்பார்கள். கேட்டவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

ஏன் முடியாது என்பதற்கும் நாகியின் கதைதான் உதாரணம். அதன் இரண்டாம் பாகம் முதல் பாகத்தை விடச் சுவாரசியம்.

நிறவெறி ஆட்சி போன பிறகு நாகியின் பெயர் வெளியே வந்தது. 2002ல் அவருக்கு மபுங்குப்வே என்ற தேசிய விருது கிடைத்தது. 2003ல் கேப் டவுன் பல்கலைக்கழகமே கௌரவ முதுகலைப் பட்டம் கொடுத்தது. கூடவே ஒரு கதையும் வளர்ந்தது. 1967 டிசம்பர் 3ஆம் தேதி பர்னார்டு செய்தாரே முதல் இதய மாற்று, அந்த அறையில் நாகியும் இருந்தார், தானம் கொடுத்த பெண்ணின் உடலிலிருந்து இதயத்தை எடுத்ததே அவர்தான், கறுப்பினத்தவர் என்பதால் அரசாங்கம் மூடி மறைத்துவிட்டது என்று. சினிமாவுக்கு ஏற்ற கதை. 2005 மே மாதம் அவர் காலமானபோது எகனாமிஸ்ட், நியூயார்க் டைம்ஸ் மாதிரியான பெரிய பத்திரிகைகளே இதை அஞ்சலிக் குறிப்பில் எழுதின.

எழுதிய சில வாரங்களில் மறுப்பு வந்தது. அன்று அங்கே வேலை செய்த மருத்துவர்கள், நாகி அந்த ஆபரேஷனில் பங்கெடுக்கவில்லை என்றார்கள். அவர் வேலை செய்தது மிருகங்களுக்கான ஆய்வுக்கூடத்தில், மருத்துவமனை வேறு. பத்திரிகைகள் அதே வருஷம் திருத்தம் போட்டன. ஆனால் திருத்தம் எப்போதும் மூலையில்தானே வரும்! மூலக்கதை இன்றும் மின்னஞ்சலில், வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது, "பகிருங்கள்" என்ற வேண்டுகோளோடு.

ஆக அந்த மனிதருக்கு இரண்டு பொய்யான பதிவுகள். சம்பளப் பட்டியல் சொன்ன தோட்டக்காரர் ஒன்று. இணையம் சொல்லும் முதல் இதய மாற்று சர்ஜன் இன்னொன்று. முதலாவது அவரைச் சிறுமைப்படுத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதும் அதைத்தான் செய்தது என்பது கொஞ்சம் யோசித்தால்தான் புரியும். பள்ளிப் படிப்பைத் தாண்டாத ஒருவர் கண்ணால் பார்த்தே அறுவை சிகிச்சை கற்று, டாக்டர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார் என்ற நிஜம் போதாதா? பிரபலமான ஓர் ஆபரேஷனில் இருந்தால்தான் அவர் பெரிய ஆள் என்று நினைத்தவர்களுக்கு, அந்த ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் அவர் செய்த வேலை கண்ணில் படவே இல்லை. கடைசியில் திருத்தம் வந்தபோது, "ஓ, அது புரளியா" என்று நிஜத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ.

இந்த இடத்தில் விக்கித்தரவின் அமைப்பைப் பாராட்ட வேண்டும். அங்கே எழுதுவதற்கு உண்மை என்று பெயர் இல்லை, கூற்று என்றுதான் பெயர். ஒவ்வொரு கூற்றோடும் யார் சொன்னது, எப்போது முதல் எப்போது வரை என்று ஒட்டலாம். தோட்டக்காரர், ஏறக்குறைய 1940 முதல் 1954 வரை. ஆய்வுக்கூட உதவியாளர், 1954 முதல் 1991 வரை. ஒரே கட்டத்தில் இரண்டும் நிற்கலாம், சண்டை போடாது. கூற்றுகளுக்குத் தரமும் உண்டு: முன்னுரிமை, சாதாரணம், தள்ளுபடி. தப்பு என்று தெரிந்த கூற்றை, அது பெரிய பத்திரிகையில் வந்த தப்பு என்றால், அழிக்க வேண்டியதில்லை. தள்ளுபடி என்று குறித்து, காரணத்தையும் எழுதி அங்கேயே விடலாம். அடுத்த வருஷம் யாரோ ஒருவர் பழைய பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அதே தப்பை ஏற்ற வருவார் அல்லவா, அவருக்காக. பேரேட்டில் தப்பான பதிவைச் சுரண்டி அழிக்கக் கூடாது, அடித்துவிட்டுத் திருத்தப் பதிவு போட வேண்டும் என்று கணக்குப்பதிவியல் முதல் வகுப்பில் சொல்வார்களே, அதேதான்.

ஆனாலும் எந்த அமைப்பும் நாகியின் முக்கியமான விஷயத்தைப் பிடிக்கவில்லை. "ஆய்வுக்கூட உதவியாளர்" என்றால் குடுவை கழுவுபவரும் அதே வார்த்தைதான். அவர் கை என்ன செய்தது என்று எழுத, அதைப் பார்த்தவர் யாராவது எங்காவது எழுதியிருக்க வேண்டும். பார்த்தவர்கள் டாக்டர்கள். ஆய்வுக் கட்டுரைகளில் போனது அவர்கள் பெயர்.

இதற்கு மாற்றாக, அவரவர் திறமையை அவரவரே எழுதட்டும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. லிங்க்ட்இன் 2012ல் ஒரு வசதி கொண்டுவந்தது, நண்பரின் திறமைக்கு ஒரு சொடுக்கில் சான்று தரலாம். விளைவு? வேலை வாய்ப்பு முகாம் சீசனில் வகுப்பே ஒருவருக்கொருவர் "தலைமைப் பண்பு" கொடுத்துக்கொள்கிறது. அறுபது பேர் வகுப்பில் அறுபது தலைவர்கள். எக்செல்லில் கூட்டல் போடத் தெரியாதவருக்கும் எக்செல் நிபுணர் என்று பதினேழு சான்று. இதற்கு விக்கிப்பீடியாக்காரர்கள் தங்கள் பயனர் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் மொழிப் பட்டை எவ்வளவோ தேவலை. சுழியத்திலிருந்து ஐந்து வரை எண், தாய்மொழி என்றால் தனி எழுத்து. அதுவும் சுயமாகப் போட்டுக்கொள்வதுதான். ஆனால் ஐந்து என்று போட்டுக்கொண்டால் மறுநாளே யாராவது மொழிபெயர்ப்பு வேலையைத் தலையில் கட்டுவார்கள் என்ற பயத்தில் மூன்று என்று குறைத்துப் போடுபவர்கள் அதிகம் :-)

நாகிக்கு முன்னாலேயே அமெரிக்காவில் ஒருவர் இதே பாதையில் நடந்திருக்கிறார். விவியன் தாமஸ். தச்சு வேலை தெரிந்தவர், கறுப்பினத்தவர். கல்லூரிக்குச் சேர்த்து வைத்த பணம் பெருமந்தத்தில் வங்கியோடு போனது. 1930ல் ஆல்பிரட் பிளலாக் என்ற சர்ஜனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி, சம்பளப் பட்டியலில் துப்புரவுப் பணியாளர். பிறவியிலேயே இதயக் கோளாறால் நீலம் பாரித்த குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையை நாய்களில் செய்து பார்த்து உருவாக்கியதில் அவர் பங்கு பெரியது. 1944 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் குழந்தைக்கு அதைச் செய்தபோது, பிளலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று எந்தப் பக்கம் தைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கையில் கத்தி பிடிக்கச் சட்டம் விடவில்லை.

1976ல் அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆனால் விதிமுறைச் சிக்கலால் மருத்துவ டாக்டர் பட்டமாகக் கொடுக்க முடியவில்லை, சட்டத்தில் டாக்டர் என்று கொடுத்தார்கள். கல்வித் தகுதி என்ற கட்டத்தில் யாராவது அவசரத்தில் "கௌரவம்" என்ற குறிப்பை மட்டும் விட்டுவிட்டு இதை ஏற்றினால், சட்டம் படித்தவர்களைத் தேடுபவரின் பட்டியலில், நூற்றுக்கணக்கான நாய்களின் இதயக் குழாய்களைத் தைத்துப் பழகிய ஒரு தச்சர் வக்கீல்களோடு வக்கீலாக வந்து நிற்பார்.